85-இல் நின்றால் பாஸா?

என்க்ளெக்ஸ் எழுதிவிட்டு வெளியே வரும் நர்ஸிடம் எல்லோரும் முதலில் கேட்பது, “எத்தனையில் நின்றது?” என்பதைத்தான். 85-இல் நின்றால் பாஸ், 150 வரை இழுத்தால் ஃபெயில் என்று ஒரு கணக்கு வாய்வழியாகப் பரவியிருக்கிறது. அது தவறு. அதை நம்பிக்கொண்டு உட்கார்ந்தால், 86-வது கேள்வி திரையில் வந்ததுமே கை தளர்ந்துவிடும்.

அமெரிக்காவில் நர்ஸாகப் பதிவு பெற இந்தத் தேர்வில் தேற வேண்டும். 1994 முதல் கம்ப்யூட்டரில்தான் நடக்கிறது; சென்னையிலேயே எழுதலாம். நூற்றுக்கு இத்தனை என்ற மதிப்பெண் இதில் கிடையாது. சரியாகப் பதில் சொல்லச் சொல்லக் கேள்விகள் கடினமாகும். தவறினால் சற்று இறங்கும். சரியாவதற்கும் தவறாவதற்கும் பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள கேள்விகளாகப் பார்த்து கம்ப்யூட்டர் எடுத்துப் போடுகிறது. அதனால் நன்றாகப் படித்தவருக்கும் ‘எல்லாமே தப்பாகப் போகிறதே’ என்றுதான் தோன்றும். அந்த எண்ணத்துக்கு மதிப்புக் கொடுக்காதீர்கள்.

ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) தேர்வில் குறைந்தது 85 கேள்விகள். அவற்றில் 15 வெறும் சோதனைக் கேள்விகள். மதிப்பெண்ணில் சேராது, எவை என்றும் தெரியாது. 85 முடிந்த பிறகு, உங்கள் திறன் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலே என்றோ கீழே என்றோ 95 சதவீத உறுதி கிடைக்கும்போது தேர்வு நின்றுவிடும். இரண்டு பக்கமும் அப்படி நிற்கலாம். 150 வரை போகிறது என்றால் நீங்கள் கோட்டை ஒட்டியே நிற்கிறீர்கள், இன்னும் முடிவாகவில்லை என்று அர்த்தம். 150-இல் அந்த உறுதியைப் பார்ப்பதில்லை; கடைசி மதிப்பீடு கோட்டைத் தாண்டியிருந்தால் பாஸ்.

நேரம்தான் பலரைக் கவிழ்க்கிறது. ஐந்து மணி நேரத்தில் 150 கேள்விகள் என்றால், கேள்விக்கு இரண்டு நிமிடம். நேரம் தீரும்போது 85-ஐ முடித்திருக்காவிட்டால் ஃபெயில். முடித்திருந்தால் அதுவரையிலான மதிப்பீட்டை வைத்தே முடிவு. எனவே கடைசி இருபது நிமிடத்தில் கண்ணை மூடிக்கொண்டு ‘டிக்’ அடிக்காதீர்கள். அவசரத்தில் வரிசையாகத் தவறினால் மதிப்பீடு மளமளவென்று சரியும். 85-ஐ முடித்துவிட்டீர்கள் என்றால், மீதிக் கேள்விகளைத் தொடாமல் விடுவது அதைவிட மேல்.

‘பொருந்தும் அனைத்தையும் தேர்ந்தெடுக்கவும்’ என்ற வகையிலும் கவனம் வேண்டும். 2023 ஏப்ரல் முதல் இதில் சரிக்கு ஒன்று கூடும், தவறுக்கு ஒன்று குறையும். பூஜ்யத்துக்குக் கீழே போகாது. ஐந்தில் மூன்று சரி என்று வையுங்கள். ஐந்தையும் தொட்டால் ஒரு மதிப்பெண்தான். உறுதியாகத் தெரிந்த இரண்டை மட்டும் தொட்டால் இரண்டு.

முந்தைய கேள்விக்குத் திரும்பிப் போக முடியாது. விட்டதை நினைக்காமல் திரையில் இருக்கும் நோயாளியைப் பாருங்கள்.

ஒருவேளை தேறாவிட்டால், எந்தப் பகுதியில் கோட்டுக்கு மேலே, எதில் அருகே, எதில் கீழே என்று அறிக்கை வரும். 45 நாள் கழித்து மறுபடி எழுதலாம். ‘கீழே’ என்று வந்த பகுதியிலிருந்து படிப்பைத் தொடங்குங்கள்.