களையெடுப்பு யந்திரத்தில் மெதுவோட்டம் நில்லாமை: காரணமும் பரிகாரமும்

தோட்டக்கால் பயிர்களிலும், வாழை, கரும்பு முதலியவற்றின் இடைச்சால்களிலும் களையெடுப்பதற்குப் 'பவர் வீடர்' என வழங்கும் பெட்ரோல் யந்திரங்கள் தற்காலம் அநேக கிராமங்களில் உபயோகத்திலிருக்கின்றன. வாங்கிச் சில வருஷங்களான யந்திரங்களில் ஒரு கோளாறு அடிக்கடி காணப்படும். உழும்போது திடமாக ஓடும் யந்திரம், சாலின் முடிவில் திருப்பும்பொருட்டு வேகத்தைக் குறைத்த மாத்திரத்தில் நின்றுவிடும். அல்லது ஏறியும் இறங்கியும் தடுமாறும். சுமையின்றிக் குறைந்த வேகத்தில் யந்திரம் ஓடும் இந்நிலையை மெக்கானிக்குகள் 'ஸ்லோ' என்பர். இங்கு அதனை மெதுவோட்டம் எனக் குறிப்போம்.

இக்கோளாறு கண்டவுடன் பெரும்பாலோர் செய்வது, வேகத் திருகை முறுக்கி மெதுவோட்டத்தை உயர்த்தி வைப்பதேயாகும். இது பரிகாரமன்று, நோயை மறைப்பதாகும். அன்றியும் இதில் பெரிய அபாயமுண்டு. சுழற்சி வேகத்தால் தானே பிடிக்கும் கிளச்சு அமைந்த யந்திரங்களிலும், புல்வெட்டும் கருவிகளிலும், மெதுவோட்டம் அளவுக்கு மிஞ்சினால், கைப்பிடியைத் தளர்த்திய பின்பும் கத்திகள் சுழன்றுகொண்டேயிருக்கும். நின்றுவிட்டதென நம்பி அருகில் காலை வைப்பவருக்கு நேரக்கூடிய துன்பத்தை விவரிக்க வேண்டுவதில்லை. ஆகையால் முதலில் காரணத்தைக் கண்டறிந்து, திருகைக் கடைசியாகத் தொடுவதே முறையாகும்.

காரணத்தின் தன்மை

கார்புரேட்டரில் பெட்ரோல் செல்வதற்கு இரண்டு வழிகள் உள. சுமையோடு வேகமாய் ஓடும்போது பெரிய ஜெட்டின் வழியாகப் பெட்ரோல் செல்லும். மெதுவோட்டத்திலோ காற்றுக்கதவு ஏறக்குறைய மூடியிருப்பதால், பெரிய ஜெட்டில் உறிஞ்சுதல் போதாது. 'பைலட் ஜெட்' என்னும் சிறு ஜெட்டின் நுண்ணிய துளை வழியாகவே பெட்ரோல் வரவேண்டும். வேகத்தில் நன்றாக ஓடி, மெதுவோட்டத்தில் மட்டும் நிற்கும் யந்திரத்தில் முதற் சந்தேகம் இச்சிறு ஜெட்டின்மீது வைக்கத்தக்கது. பழைய பெட்ரோல் உலர்ந்து பிசினாகி இத்துளையை அடைத்துவிடும்.

சோதிக்கும் வரிசை

1. பெட்ரோல்: மாதக்கணக்கில் டாங்கியில் கிடந்த பெட்ரோலை அகற்றிப் புதியது ஊற்றுக. 2025-ஆம் வருஷத்தளவில் நமது தேசத்தில் பெட்ரோலுடன் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலப்பது பரவிவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்குந் தன்மையுடையது. நீர் மிகுந்தால் இரண்டும் பிரிந்து அடியில் தங்கும். மிதவைக் கிண்ணத்தின் அடித்திருகைத் தளர்த்திச் சிறிது பெட்ரோலைக் கண்ணாடிப் பாத்திரத்தில் பிடித்துப் பார்த்தால், நீரும் துருவும் புலப்படும்.

2. டாங்கியின் மூடி: மூடியிலுள்ள காற்றுத்துளை அடைபட்டால் யந்திரம் சிறிது நேரம் ஓடிப் பின் நின்றுவிடும். மூடியைத் தளர்த்தியபின் சரியாக ஓடினால் காரணம் இதுவே.

3. காற்று வடிகட்டி: புழுதி படிந்த வடிகட்டியால் காற்றுக் குறைந்து கரும்புகை எழும். நுரைப்பகுதியைச் சோப்பு நீரில் கழுவி நன்றாக உலர்த்தி மாட்டுக. காகிதப் பகுதியைக் கழுவலாகாது.

4. பிளக்: முனை கரியேறிக் கறுத்திருந்தால் பெட்ரோல் மிகுதி என்றும், வெளுத்திருந்தால் குறைவு என்றும் கொள்க. ஜி.எக்ஸ்.160 வகை யந்திரங்களுக்கு முனையின் இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர் இருத்தல் வேண்டும்.

5. காற்றுக் கசிவு: கார்புரேட்டருக்கும் யந்திரத்துக்கும் இடையிலுள்ள கேஸ்கெட் கிழிந்தாலும், நட்டுகள் தளர்ந்தாலும் மிகுதிக் காற்று நுழையும். நட்டுகளை இறுக்கியும் குணமில்லையேல் கேஸ்கெட்டை மாற்றுக.

6. சிறு ஜெட்: சோக்கை மூடினால் ஓடியும், திறந்தால் நின்றும் போகும் யந்திரத்தில், கசிவு இல்லையெனக் கண்டபின் இதனைக் கழற்றிச் சுத்தம் செய்க. கார்புரேட்டர் சுத்தி செய்யும் திரவமும் காற்றடிப்பும் போதும். இரும்புக் கம்பியால் குத்தினால் துளை அகன்று ஜெட் கெட்டுப்போகும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் துளை தெளிவாய்த் தெரிய வேண்டும்.

இவ்வளவும் செய்து பயன் காணாவிடில், வால்வு இடைவெளியைத் தேர்ந்த மெக்கானிக்கைக் கொண்டு, யந்திரம் குளிர்ந்திருக்கும்போது சோதிப்பிக்க வேண்டும்.

சென்ற பருவத்தில் ஒரு குடியானவர் புதிய கார்புரேட்டர் வாங்கத் தீர்மானித்து எம்மிடம் வந்தார். மேற்கண்ட வரிசையில் சோதித்ததில் குற்றம் சிறு ஜெட்டில் படிந்த பிசினே என விளங்கியது. அரைமணி நேர வேலையில் அன்றைய களையெடுப்பு தடைப்படாமல் நடந்தது.

திருகை அமைத்தல்

கோளாறு நீங்கியபின் யந்திரத்தை ஐந்து நிமிஷம் ஓட்டிச் சூடேற்றி, வேகத் திருகால் மெதுவோட்டத்தை அமைக்கலாம். ஜி.எக்ஸ்.160 யந்திரத்துக்கு நிமிஷத்துக்கு 1400 சுற்று விதிக்கப்பட்டுள்ளது. மற்றவற்றுக்கு அவ்வவற்றின் கைப்புத்தகத்தைப் பார்க்க. கலவைத் திருகைக் கழற்றுமுன், அது எத்தனை சுற்றில் இருந்ததெனக் குறித்து வைத்து, அதே இடத்தில் திரும்ப அமைத்தல் அவசியம். அடிவரை பலமாய் இறுக்கினால் அதன் கூர்முனை நசுங்கிவிடும். முடிவில், கைப்பிடியை விட்டபோது யந்திரம் நிற்காமலும், கத்தி அசையாமலும் இருக்கிறதாவெனத் தூர நின்று பார்க்க. கத்தி அசைந்தால் அந்த யந்திரத்தை வயலுக்கு அனுப்பலாகாது.

எச்சரிக்கையும் பாதுகாப்பும்

பெட்ரோலைக் கையாளுமிடத்தில் நெருப்பும், புகை பிடித்தலும் கூடா. மூடிய கொட்டகைக்குள் யந்திரத்தை ஓட்டினால், புகையிலுள்ள கார்பன் மானாக்ஸைடு நிறமும் மணமுமின்றி உயிரைப் போக்கும். கத்தியருகே கை வைக்குமுன் பிளக்கின் வயரைக் கழற்றி விடுக.

பருவ முடிவில் டாங்கியைக் காலி செய்து, பெட்ரோல் குழாயை மூடி, யந்திரம் தானே நிற்கும்வரை ஓட்டி வைத்தால் கார்புரேட்டரில் பிசின் படியாது. வாடகைக்கு விடப்படும் யந்திரங்களுக்கு ஒரு குறிப்பேடு ஏற்படுத்தி, வடிகட்டி கழுவிய தேதி, பிளக் மாற்றிய தேதி, பழுது கண்ட விதம் ஆகியவற்றை எழுதிவரும்படி கிராம அதிகாரிகளும் சங்க நிர்வாகிகளும் ஏற்பாடு செய்தல் நலம். யந்திரம் கைமாறும்போது முந்தினவர் கண்ட குறை அடுத்தவருக்குத் தெரிந்திருந்தால், பழுதும் விபத்தும் குறையும்.