மின்விசை நாற்காலி வண்டியும் நடைபாதை ஒழுங்கும்

நடக்க இயலாதவர்களுக்கு மின்விசையால் ஓடும் சிறு வண்டி கால்களின் வேலையைச் செய்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் தோன்றிய நிறுவனமொன்று, சக்கர நாற்காலியின் முன்புறம் பூட்டி ஓட்டத்தக்க ‘நியோபோல்ட்’ என்னும் இணைப்பை வெளியிட்டது. அது மணிக்கு 25 கிலோமீட்டர் வரை செல்லும். பக்கச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டர்கள் பெங்களூர் வீதிகளில் அதற்கு முன்பே பழக்கமானவை. அவை சாலைக்குரிய மோட்டார் வாகனங்களாதலின் அவற்றிற்கு உரிமமும் பதிவும் வேண்டும். அவை நடைபாதையில் ஏறலாகாது. இங்கே கூறப்படுவது, நடப்போருடன் கலந்து செல்லும் மின்வண்டிகளைப் பற்றியதாகும்.

பயிற்சியளிக்கும் ஊழியர் முதலில் விளக்க வேண்டியது வேகத்தின் கணக்கு. 65 கிலோ எடையுள்ளவர் 55 கிலோ வண்டியில் அமர்ந்தால் நகரும் பொருளின் எடை 120 கிலோ. அது மணிக்கு 6 கிலோமீட்டரில் செல்லும்போது வினாடிக்கு ஏறத்தாழ 1.7 மீட்டர் கடக்கிறது. 25 கிலோமீட்டரில் 7 மீட்டர் கடக்கிறது. குழந்தையொன்று குறுக்கே வருவதைக் கண்டு கை செயற்படுவதற்குள் ஒரு வினாடி கழிந்துவிடுமாதலால், பிரேக்கு பிடிக்குமுன்பே அத்தூரம் போய்விடுகிறது. மோதலின் ஆற்றலோ வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே அது சுமார் 17 மடங்காகிறது. பிரிட்டனில் இத்தகைய வண்டிகளுக்கு நடைபாதையில் மணிக்கு 4 மைல், அதாவது 6.4 கிலோமீட்டர், என்று வரம்பு விதித்துள்ளனர். நடப்பவரின் வேகத்தைவிட அது சற்றே மிகுதி. பல வண்டிகளின் வேகத் திருகில் ஆமையும் முயலும் வரையப்பட்டிருக்கும். கூட்டத்தில் ஆமையின் பக்கமே திருகு நிற்க வேண்டும்.

அடுத்தது கவிழும் அபாயம். மூன்று சக்கர வண்டியின் தாங்குதளம் முக்கோண வடிவானது. முன்புறம் குறுகியிருப்பதால், வளைவில் உடல் வெளிப்பக்கம் சாயும்போது எடை அத்தளத்தின் விளிம்பை எளிதில் கடந்துவிடும். வேகத்தைப் பாதியாக்கினால் வெளியே தள்ளும் விசை கால்பங்காகக் குறையும். எனவே திரும்புவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்தல் வேண்டும். திரும்பிக்கொண்டே குறைப்பது காலங்கடந்த செயல். சாய்தளத்தில் குறுக்காகச் செல்வதும் கைப்பிடியில் கடைப்பையைத் தொங்கவிடுவதும் இதே காரணத்தால் தவறானவை. கீழே விழுந்தால் தாமாக எழ இயலாதவரே பெரும்பாலும் இவ்வண்டியில் அமர்கிறார் என்பதை ஆசிரியர் மறக்கலாகாது.

மின்வண்டிகள் பலவற்றில் விசைப்பிடியை விட்டவுடன் மின்காந்த பிரேக்கு தானே பிடித்துக்கொள்ளும். வண்டியைக் கையால் தள்ளுவதற்காக அதை விடுவிக்கும் நெம்புகோல் ஒன்று பின்புறம் உண்டு. உதவ வந்தவர் அதை விடுவித்து, மீண்டும் பூட்ட மறந்தால், சரிவில் வண்டி தடையின்றி உருளும். புறப்படுமுன் இதைத் தொட்டுப் பார்க்கும் பழக்கத்தை முதல் நாளிலேயே ஊட்டுதல் நலம்.

இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2012இல் வெளியிட்ட வழிகாட்டிப்படி நடைபாதையின் விளிம்புக்கல் 150 மில்லிமீட்டருக்கு மேல் உயரலாகாது. தடையற்ற அகலம் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும். சாய்தளம் 12க்கு 1 என்ற சரிவிலமைய வேண்டுமாதலால், அவ்வளவு உயர்ந்த கல்லை ஏற 1.8 மீட்டர் நீளச் சரிவு தேவைப்படும். பெங்களூரில் இவ்வளவுகள் நிறைவேறிய வீதிகளும் உண்டு. மின்மாற்றியும் மரமும் கடைப்பலகையும் பாதியை அடைத்துக்கொண்ட வீதிகளும் உண்டு. மழைநீர்க் கால்வாய்மேல் இட்ட கற்பலகைகளின் இடுக்கில் சிறிய முன்சக்கரம் அகப்படக்கூடும். அதை நேர்க்கோணத்தில் கடக்க வேண்டும். மழை பெய்து நீர் தேங்கியபின், அடியிலுள்ள பள்ளம் தெரியாதாகையால், அவ்விடத்தில் நிற்பதே அறிவுடைமை.

இருசக்கர வாகனங்கள் நடைபாதையில் ஏறாதிருக்க நடப்படும் குறுங்கம்பங்கள் ஒரு விந்தையான சிக்கலை உண்டாக்குகின்றன. மோட்டார் சைக்கிளின் கைப்பிடி அகலமும் சக்கர நாற்காலியின் அகலமும் ஏறத்தாழ ஒன்றே. நாற்காலிக்கு வழிவிடும் இடைவெளி மோட்டார் சைக்கிளுக்கும் வழிவிடுகிறது. ஒன்றைத் தடுத்தால் மற்றதும் தடைப்படுகிறது. இதைக் கம்பத்தால் மட்டும் தீர்க்க இயலாது, காவலும் வேண்டும். தடைப்பட்டவர் சாலையில் இறங்க நேர்ந்தால், ஒளிரும் பட்டையும் பின்விளக்கும் இன்றி இறங்கலாகாது.

மின்வண்டி ஓசையின்றி வருவது பிறருக்கு அபாயம். பின்னாலிருந்து மணியடித்தால் முதியவர் திடுக்கிட்டு வண்டியின் பாதையிலேயே திரும்பிவிடக்கூடும். சற்றுத் தொலைவிலேயே வேகத்தைத் தணித்து, “ஐயா, சற்று வழி விடுங்கள்” எனத் தாழ்ந்த குரலில் கூறுவது மேல். பெங்களூரில் இதைக் கன்னடத்திலும் சொல்லப் பழகுதல் தகும். வெண்கோல் ஏந்தியவரிடம் வண்டி வந்திருப்பதையும் எந்தப் பக்கம் செல்லப்போகிறது என்பதையும் வாய்விட்டுக் கூற வேண்டும். மெட்ரோ நிலையங்களில் பதித்துள்ள மேடுபள்ளமான மஞ்சள் ஓடுகள் பார்வையற்றோரின் வழி. அவற்றின்மேல் வண்டியை நிறுத்துபவர், தமக்கு நேரும் இடையூற்றையே மற்றொருவருக்குச் செய்கிறார்.

பெங்களூரில் மெட்ரோ 2011 அக்டோபர் 20 முதல் ஓடுகிறது. அதன் நிலையங்களில் மின்தூக்கி உண்டு. நீண்ட வண்டிக்கு அதனுள் திரும்ப இடம் இராதாகையால், முன்புறமாக நுழைந்து பின்புறமாக வெளிவர நேரும். உள்ளே சென்றதும் சாவியை அணைத்துவிட வேண்டும். நெருக்கத்தில் எவர் முழங்கையேனும் விசைப்பிடியில் பட்டால் வண்டி பிறர் கால்மேல் ஏறும். பயிற்சிக்கு மின்தூக்கி கிடைக்காத ஊர்களில், அதன் அளவைச் சுண்ணாம்புக் கோட்டால் பள்ளித் தரையில் வரைந்து, கோட்டைத் தொடாமல் நுழையவும் பின்வாங்கவும் பத்து முறை பழக்கலாம்.