சிறுபிள்ளைகளுக்கு விளக்கெண்ணெய் ஊற்றுமுன்

இம்முறை சுகாதாரப் பாடமாகச் சிறுபிள்ளைகளின் மலச்சிக்கலை எடுத்துக்கொள்கிறோம். சின்ன விஷயம் என்று தோன்றலாம். சோமனூர்ப் பகுதித் தறிக் குடும்பங்களின் தாய்மார் எங்களிடம் அடிக்கடி கேட்பது இதைத்தான். வீட்டு வைத்தியம் தவறினால் நுரையீரலே கெடும் என்பதால் சபைகளிலும் சொல்லவேண்டியிருக்கிறது.

பிள்ளை இரண்டு நாள் வெளிக்குப் போகாவிட்டால் பாட்டி தேடுவது விளக்கெண்ணெயை. கைகாலைப் பிடித்துக்கொண்டு, அழுகிற வாயில் சங்கால் ஊற்றுவார்கள். தண்ணீர் புரையேறினால் பிள்ளை இருமித் தள்ளிவிடும். எண்ணெயோ பல சமயம் இருமலைத் தூண்டாமலே மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரலில் தங்கிவிடும். அதனால் வரும் நிமோனியா வாரக்கணக்கில் இழுக்கும். எண்ணெய் கொடுத்தபின் மூச்சு வாங்கினால் அன்றைக்கே கொண்டுவாருங்கள். வெற்றிலைக் காம்பும் சோப்புத் துண்டும் ஆசனவாயைப் புண்ணாக்கும், அவையும் வேண்டாம்.

நிலாவாரை நம் சரக்குதான். திருநெல்வேலி சென்னா என்ற பெயரிலேயே மேல்நாடுகளுக்குப் போனது. டாக்டர் அளந்து கொடுத்தால் நல்ல மருந்து. விரலால் அள்ளிக் கொடுத்தால் எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்குத் தெரியும்?

முதலில், அது மலச்சிக்கல்தானா என்று பார்க்கவேண்டும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை, முதல் மாதம் கடந்தபின், ஒரு வாரம்கூடப் போகாதிருக்கலாம். பிறகு இளக்கமாகப் போய், எடையும் ஏறினால் மருந்தே வேண்டாம். ஆனால் பிறந்து 48 மணி நேரத்துக்குள் கருமலம் போகாத குழந்தையையும், வயிறு உப்பிப் பச்சையாக வாந்தியெடுக்கும் குழந்தையையும் உடனே காட்டவேண்டும். குடலின் கடைசிப் பகுதியில் நரம்பணுக்கள் இல்லாத பிறவிக் குறை ஒன்று உண்டு. டென்மார்க் டாக்டர் ஹிர்ஷ்ப்ருங் 1886-ல் விவரித்தது. எந்தப் பேதி மருந்தும் அதைத் தீர்க்காது, ஆபரேஷன் தேவை.

ஒரு வயது தாண்டியவர்களிடம் காண்பது பெரும்பாலும் வேறு. ஒருமுறை கட்டியாகப் போய் வலித்ததும் பிள்ளை பயந்து அடக்குகிறது. அடக்க அடக்க மலம் இறுகிக் குடல் விரிகிறது. பின்பு அந்தக் கட்டியைச் சுற்றித் தண்ணீராகக் கசிந்து ஜட்டி நனைகிறது. வயிற்றுப்போக்கு என்று எண்ணி, அதை நிறுத்த மருந்து வாங்குகிறார்கள்! பிள்ளைக்கு அடியும் விழுகிறது. பாவம், கசிவது அதற்கே தெரியாது.

இதற்கேற்ற மருந்து பாலிஎத்திலீன் கிளைகால் பொடி. கிடைக்காவிட்டால் லாக்டுலோஸ் பாகு. இரண்டும் குடலில் தண்ணீரைப் பிடித்துவைத்து மலத்தை இளக்கும். எடைக்கேற்ப டாக்டர் அளவு சொல்வார். கட்டி கரையும்வரை சில நாள் கூடுதலாக, பின்பு தினமும் குறைந்தது 2 மாதம். இங்கேதான் எங்கள் போராட்டம். "குடல் பழகிப்போயிருமுங்க டாக்டர்" என்று இரண்டாம் வாரமே நிறுத்திவிடுகிறார்கள். சிலருக்குப் பாட்டில் தீர்ந்த வாரம் கையில் கூலிப்பணம் இருப்பதில்லை. இம்மருந்துகளுக்குக் குடல் அடிமையாவதில்லை. விரிந்த குடல் சுருங்க நாளாகும், அவ்வளவுதான். தொல்லை நீங்கி ஒரு மாதமாவது ஆனபின் சிறுகச் சிறுகக் குறைக்கவேண்டும். முழு மருந்தையும் முதலிலேயே கொடுத்தனுப்ப உங்கள் காணிக்கைகள் உதவுகின்றன.

சாப்பிட்டவுடன் ஐந்து நிமிடம், காலுக்குப் பலகை வைத்து உட்காரவையுங்கள். ராகிக்களி, தட்டைப்பயறு, கீரை, கொய்யா நல்லது. பால் நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் வேண்டாம். பாலிலேயே வயிறு நிறைந்த பிள்ளை களியைத் தொடாது.