டிராக்டர் மிஸ்ஸிங் அடித்தால் வீட்டிலேயே கண்டறியும் முறை

செஞ்சிப் பக்கத்துப் பனமலையில், பல்லவ மன்னன் ராஜசிம்மன் எழுப்பிய தாளகிரீசுவரர் கோயில் நிற்கும் குன்றின் கீழே பெரிய ஏரி உள்ளது. நந்தன் கால்வாயில் தண்ணீர் வந்து ஏரி நிரம்பினால் பாசன நிலம் முழுவதிலும் ஒரே சமயத்தில் சேற்றுழவு தொடங்கும். அந்த நாட்களில் வாடகை டிராக்டர் கிடைப்பது அரிது. பழைய டிராக்டர் ஒன்றைச் சொந்தமாக வைத்திருப்பவர் கொடுத்து வைத்தவர்தான். ஆனால் அந்த நேரம் பார்த்து அது மிஸ்ஸிங் அடிக்கத் தொடங்கும். கேஜ் வீலுடன் சேற்றில் இறங்கியதும் இழுக்காது, உடம்பெல்லாம் நடுங்கும், புகைக் குழாயில் வெள்ளைப் புகை வரும். நாற்றங்காலில் நாற்றுக்கு வயது ஏறிக்கொண்டிருக்கும்.

இந்நிலையில் பலர் இரண்டு தவறுகளுள் ஒன்றைச் செய்கின்றனர். மெக்கானிக் வரும்வரை அப்படியே ஓட்டுவோம் என்று உழவைத் தொடர்வது ஒன்று. யாரோ சொன்னார் என்று உடனே ஹெட்டை இறக்குவது மற்றொன்று. முதல் தவறே பெரியது. எரியாத சிலிண்டரில் பீய்ச்சப்படும் டீசல் சுவர் வழியே வழிந்து கீழே என்ஜின் ஆயிலில் கலக்கிறது. ஆயில் நீர்த்துப் போனால் பேரிங்கும் கிராங்கும் தேயும். நாசில் ஒன்றை மாற்றினால் தீர வேண்டிய கோளாறு, கிராங்கைக் கடைசல் பிடிக்கும் செலவில் போய் முடியும். ஆகவே மிஸ்ஸிங் கேட்டதும் ஆயில் அளவுக் குச்சியை எடுத்துப் பார்க்க வேண்டும். அளவு கூடியிருந்து டீசல் வாடை அடித்தால், கோளாறைச் சரிசெய்து ஆயிலையும் மாற்றாமல் வண்டியை வயலில் இறக்கக் கூடாது.

அடுத்து, காது கொடுத்துக் கேட்க வேண்டும். மாஸி பெர்குசன் 1035 போன்ற மூன்று சிலிண்டர் டிராக்டர்களில், கிராங்க் இரண்டு சுற்று சுற்றுவதற்குள் ஒவ்வொரு சிலிண்டரும் ஒருமுறை எரிகிறது. ஒரு சிலிண்டர் மட்டும் எரியாவிட்டால் இரண்டு அடி, ஓர் இடைவெளி, மறுபடி இரண்டு அடி என்று தாளம் தவறாமல் ஒலிக்கும். அப்படியின்றி சத்தம் ஒழுங்கில்லாமல் ஏறி இறங்கினால் குற்றம் சிலிண்டரில் இருப்பது அரிது. டீசலில் காற்றோ தண்ணீரோ சேர்ந்திருக்கும். மழைக் காலத்தில் டிரம்மில் வைத்த டீசலை ஊற்றியவர்கள் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஃபில்டர் கிண்ணத்தின் அடியிலுள்ள தண்ணீரை வடித்துவிட்டு, மேலேயுள்ள காற்றுத் திருகைத் தளர்த்தி, ஃபீட் பம்பின் கைப்பிடியை நுரை நிற்கும்வரை அடித்தால் காற்று வெளியேறும். கைப்பிடி லொடலொடவென்று பிடிமானமில்லாமல் இருந்தால் பம்ப் கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். என்ஜினைச் சிறிது சுற்றிவிட்டு மீண்டும் அடித்தால் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும்.

தாளம் தவறாத மிஸ்ஸிங் என்றால் எந்த சிலிண்டர் என்று காண வேண்டும். இதற்குக் காலை நேரம் உகந்தது. இரவு முழுதும் குளிர்ந்திருந்த என்ஜினைக் கிளப்பி, ஒரு நிமிடம் கழித்து, புகைக் குழாய் ஹெட்டோடு சேரும் மூன்று வாய்களிலும் சில சொட்டுத் தண்ணீர் விட வேண்டும். எரியும் சிலிண்டரின் வாயில் சொட்டு சுரீரென்று காயும். எரியாததன் வாயில் மெதுவாகவே காயும். கையால் தொட்டுப் பார்க்கிறேன் என்று சுட்டுக்கொள்ள வேண்டியதில்லை.

இதை உறுதி செய்ய ஒரு ஸ்பேனர் போதும். என்ஜின் மெதுவாக ஓடும்போது, இன்ஜெக்டருக்கு வரும் பைப்பின் நட்டை அரைச் சுற்று தளர்த்த வேண்டும். அந்த சிலிண்டருக்கு டீசல் நின்றுபோகும். உடனே என்ஜின் தடுமாறினால் அது நன்றாக வேலை செய்த சிலிண்டர். எந்த மாற்றமும் இல்லையென்றால் அதுவே குற்றவாளி. நட்டை இறுக்கிய பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். இங்கு எச்சரிக்கை அவசியம். இன்ஜெக்டர் சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோவுக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் டீசலைப் பீய்ச்சுகிறது. அத்தகைய தாரை தோலைத் துளைத்துச் சதைக்குள் சென்றுவிடும். வெளியே ஊசி குத்தியதுபோல்தான் தெரியும், ஆனால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் விரலையே இழக்க நேரலாம். நட்டின்மேல் கெட்டித் துணியைப் போட்டு, முகத்தையும் கையையும் விலக்கி வைத்துக்கொள்ளவும். கழற்றிய இன்ஜெக்டரை வெளியே பிடித்துக்கொண்டு என்ஜினைச் சுற்றிப் பார்க்கும் வழக்கத்தை அடியோடு விட்டுவிட வேண்டும்.

தளர்த்திய நட்டிலிருந்து டீசல் விட்டுவிட்டு வந்தால் பம்ப் தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். ரோட்டரி வகை பம்பில் ஒரே அமைப்புதான் எல்லா சிலிண்டருக்கும் டீசலைப் பங்கிட்டுக் கொடுக்கிறது. ஆகவே ஒரு சிலிண்டர் மட்டும் மிஸ் ஆனால் பம்பைக் குறை சொல்வது பெரும்பாலும் வீண். எந்த வகை பம்பானாலும் அதன் சீலை வீட்டில் உடைக்கக் கூடாது.

இனி மீதமிருப்பது நாசிலா, கம்ப்ரஷனா என்ற கேள்வி. வண்டியை நிறுத்தி, இன்ஜெக்டரைச் சுற்றியுள்ள மண்ணை டீசலால் கழுவித் துடைத்துவிட்டு, எரியாத சிலிண்டரின் இன்ஜெக்டரைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் பொருத்த வேண்டும். திறந்த பைப் வாய்களைச் சுத்தமான துணியால் மூடவும். ஒரு மணல் துகள் போதும், புது நாசிலும் பாழாகும். பழைய செம்பு வாஷரை விட்டுவிட்டுப் புதியது போட்டு, இருபக்க நட்டையும் சமமாக இறுக்கி, காற்று எடுத்துக் கிளப்பவும். மிஸ்ஸிங் பக்கத்து சிலிண்டருக்குப் போய்விட்டால் குற்றம் இன்ஜெக்டரில். அதை மட்டும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, டெஸ்டிங் மெஷின் உள்ள டீசல் பம்ப் கடைக்குப் பஸ்ஸிலேயே போய் வரலாம். டிராக்டரை இழுத்துச் செல்லும் செலவு இல்லை.

மிஸ்ஸிங் பழைய இடத்திலேயே நின்றால் டேப்பட் கவரைத் திறந்து, வால்வு இடைவெளியை அந்த வண்டியின் புத்தகத்தில் சொன்ன அளவுக்குச் சரிபார்க்க வேண்டும். வளைந்த புஷ் ராடும், இடைவெளி அற்றுப்போன வால்வும் கண்ணுக்கே தெரிந்துவிடும். அதுவும் சரியாக இருந்தால், என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்துக் கிளப்பிப் பார்க்கவும். தண்ணீரில் குமிழி விடாமல் வந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். ஆயில் ஊற்றும் வாயில் குபுகுபுவென்று புகை வந்தால் ரிங் தேய்ந்திருக்கும். இவை மெக்கானிக் செய்யும் வேலைகள். அவர் வரும்போது, இரண்டாம் சிலிண்டர், இன்ஜெக்டர் மாற்றிப் பார்த்தாயிற்று, டேப்பட் சரி என்று சொல்ல முடிந்தால் பாதி நாள் மிச்சம். தேவையில்லாத சாமான் வாங்கும் பட்டியலும் சுருங்கும்.