ஓரணாச் சிற்றுண்டி

சேலம் மாநகருக்குக் கிழக்கே, ஆத்தூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், கோதண்டராமர் கோயிலால் பெயர் பெற்று விளங்கும் ஊர் அயோத்தியாப்பட்டணம். இவ்வூர் ஒரு பேரூராட்சி. இதனை ஒத்த பேரூராட்சிகளும், இவற்றினும் பெரிய நகராட்சிகளும் மாநகராட்சிகளும் நம் நாட்டில் பல உள. குடிநீர் வழங்குதல், தெருவிளக்கு அமைத்தல், குப்பை அகற்றுதல், சாலையைச் செப்பனிடுதல் முதலியன இம்மன்றங்களின் கடமைகளாகும். அவற்றுக்கு வேண்டும் பொருள் வீட்டுவரி, தொழில்வரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை, அரசு வழங்கும் நிதிப்பங்கு முதலிய வாயில்களால் வருகின்றது.

வருவாய் சிறிது, வேண்டுவன பல. ஆதலின் ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டம் வகுக்கும் காலத்தில் மன்றத்தில் வாதம் எழுதல் இயல்பே. ஒருவர் சாலை வேண்டும் என்பர். மற்றொருவர் கழிவுநீர்க் கால்வாய் வேண்டும் என்பர். ‘எதனைக் குறைக்கலாம்?’ என்னும் வினா எழுந்தவுடன் அவை அமைதியுறும். பொருள் வரும் வழிகளை உண்டாக்கல், வந்ததைச் சேர்த்தல், சேர்த்ததைக் காத்தல் ஆகிய மூன்றையும் ஆட்சியின் தொழில்களாக எண்ணிய வள்ளுவர், அதனை உரிய துறைகளுக்கு வகுத்தலை நான்காவதாக வைத்தார். முதல் மூன்றும் இந்நான்காவதன் பொருட்டே அமைந்தன எனின் அது மிகையாகாது.

வகுத்தல் எத்துணை அரிய செயல் என்பதற்குச் சென்னை மாநகராட்சியின் வரலாற்றில் ஒரு சான்று உண்டு. 1688-ஆம் ஆண்டில் தோன்றிய அம்மாநகராட்சிக்கு, 1920-ஆம் ஆண்டில் சர். பிட்டி. தியாகராயர் தலைவராக விளங்கினார். நீதிக்கட்சியின் பெருந்தலைவர்களுள் அவர் ஒருவர். அவ்வாண்டு செப்டம்பர்த் திங்கள் 16-ஆம் நாள் மாமன்றத்தின் முன் ஒரு தீர்மானம் வந்தது. ஆயிரம் விளக்குப் பகுதியிலுள்ள மாநகராட்சிப் பள்ளியிற் பயிலும் சிறுவர்க்கு நாள்தோறும் சிற்றுண்டி அளித்தல் வேண்டும். அதன் செலவு மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவிற்கு மேற்படலாகாது என்பதே அத்தீர்மானம். அப்பள்ளிச் சிறுவர்கள் வறியவர்கள் என்பதையும், அவ்வறுமை பள்ளியின் மாணவர் தொகையைப் பெரிதும் பாதிக்கின்றது என்பதையும் தியாகராயர் எடுத்துரைத்தார். மாமன்றம் தீர்மானத்தை ஏற்றது.

அந்நாளில் ஒரு ரூபாய்க்கு 16 அணா. எனவே 160 பிள்ளைகள் பயிலும் ஒரு பள்ளிக்கு, நாள் ஒன்றிற்குப் பத்து ரூபாய்க்கு மேல் செலவாகாது. தொகை சிறிதாயினும் அதன் பயன் சிறிதன்று. கஞ்சியும் பருகாது வந்த சிறுவன் ஒருவனது கண் பலகையை நோக்கும். கருத்தோ வயிற்றை நோக்கும். நண்பகலில் வீட்டிற்குச் சென்றால் அங்கும் உணவு இல்லையாயின், அவன் மீண்டும் பள்ளிக்கு வருதல் அரிது. நாளடைவில் அவன் கூலிவேலைக்குச் சென்றுவிடுதலும் கூடும். இவ்வாறு அறிவு பெறவேண்டிய பருவம் வீணே கழிந்துவிடுகின்றது.

பின்னர் இத்திட்டம் மேலும் நான்கு பள்ளிகளுக்குப் பரவிற்று. ஐந்து பள்ளிகளிலும் 1922–23-ஆம் ஆண்டில் 811 ஆக இருந்த மாணவர் தொகை, 1924–25-ஆம் ஆண்டில் 1,671 ஆக உயர்ந்தது. ஈராண்டுகளில் தொகை இருமடங்கினும் மிகுந்தது. புதிதாக வந்தவர் ஒவ்வொருவரும் ஒரு வீட்டின் விளக்கு என்பதை நாம் மறத்தலாகாது.

இங்ஙனம் வளர்ந்துவந்த திட்டத்திற்கு 1925-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் இடையூறு நேர்ந்தது. சிற்றுண்டிச் செலவினைத் தொடக்கக் கல்வி நிதியினின்றும் செய்தல் ஆகாது என அரசு மறுத்துவிட்டது. திட்டம் நின்றது. தியாகராயரும் அவ்வாண்டிலேயே மறைந்தார்.

இதனை ஆராயுங்கால் இருதிறத்தார் கூற்றும் எண்ணத்தக்கதே. ஒரு பணிக்கென ஒதுக்கிய பொருளைப் பிறிதொன்றிற்குச் செலவிடுதல் முறையன்று. கணக்கு ஒழுங்காக இல்லையேல் பொதுப்பணம் காப்பற்றுப் போகும். ஆயின், உணவு கல்விக்குப் புறம்பானதா என்பதே கேள்வி. கட்டடத்திற்கும் ஆசிரியர்க்கும் செய்யும் செலவு கல்விச் செலவு எனின், அக்கட்டடத்துள் பிள்ளையைக் கொண்டுவந்து இருத்தும் உணவும் கல்விச் செலவே அன்றோ?

இத்தகைய குறைப்பில் மற்றோர் இடர்ப்பாடும் உண்டு. சாலை பழுதுற்றால் வண்டியோட்டி முறையிடுவான். விளக்கு அணைந்தால் தெருவினர் திரண்டு வருவர். பள்ளிக்கு வாராதொழிந்த சிறுவனோ மன்றத்திற்கு வந்து முறையிடான். அவனுக்கு வாக்குரிமையும் இல்லை. ஆதலின் அவன் இழப்பு எந்தக் கணக்கேட்டிலும் ஏறாது. வாய் பேசார்க்காகப் பேசுதலே உறுப்பினர்தம் தலையாய கடமையாகும்.

திட்டத்தை மீட்டல் வேண்டும் என்னும் குரல் ஓயவில்லை. ஈராண்டுகட்குப் பின், 25 பள்ளிகளில் ஏறத்தாழ 1,000 ஏழை மாணவர்க்கு நண்பகல் உணவு அளிப்பதென முடிவாயிற்று. பள்ளி ஒன்றுக்குச் சராசரி 40 பேர். முன்பு ஐந்து பள்ளிகளில் நடந்த உதவி இப்பொழுது பல பகுதிகளுக்கும் பரந்தது. ஆயினும் வறியவர் எனத் தேர்ந்தெடுத்தோர்க்கே அது கிட்டிற்று. பொருள் குறைவுற்ற காலத்தில், சில இடங்களில் நிறையச் செய்வதா, பல இடங்களில் சிறிது செய்வதா என்னும் வினா எந்த மன்றத்திற்கும் எழும். இதற்கு எக்காலத்தும் பொருந்தும் விடை ஒன்று இல்லை. கலந்து பேசிக் காணும் விடையே உண்டு.

அன்று ஒரு மாமன்றம் இட்ட விதை பின்னர்ப் பெருமரமாயிற்று. 1956-ஆம் ஆண்டில் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் மாநிலமெங்கும் பரவிற்று. 1982-ஆம் ஆண்டில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-இல் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகட்குக் காலை உணவளிக்கும் திட்டமும் தொடங்கிற்று. 1925-இல் நின்றதை நின்றதாகவே விட்டிருந்தால், இத்தொடர்ச்சி அன்றே அறுந்திருத்தல் கூடும்.

1993-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 74-ஆம் திருத்தம், நகர மன்றங்களுக்கு ஒப்படைத்தற்குரிய பணிகளாகப் பதினெட்டினைப் பட்டியலிட்டது. நலிந்தோர் நலத்தைக் காத்தலும், வறுமை ஒழித்தலும், கல்வி வளர்ச்சியும் அவற்றுள் அடங்கும். எனவே செலவைக் குறைக்கப் புகும் மன்றம் முதற்கண் மூன்றினை ஆராய்தல் வேண்டும்: இக்குறைப்பால் இழப்பவர் யார்? அவர் குரல் இம்மன்றத்தில் ஒலித்ததா? இன்று நிறுத்தியதை நாளை மீட்க இயலுமா? சாலையை அடுத்த ஆண்டில் செப்பனிடலாம். பிள்ளை இழந்த பள்ளிப்பருவம் அடுத்த ஆண்டில் மீளாது.

இன்று மாணவராக இருப்போர் நாளை வாக்காளராவர்; சிலர் மன்ற உறுப்பினராகவும் அமர்வர். அயோத்தியாப்பட்டணம் போன்ற சிற்றூர் மன்றமாயினும், சென்னை போன்ற பெருநகர் மன்றமாயினும், அதன் வரவு செலவுத் திட்டத்தைக் கருத்தூன்றிப் படித்தல் குடிமக்கள் கடமை. அவ்வேட்டிலுள்ள ஒவ்வோர் எண்ணிற்கும் பின்னால் ஒரு மனிதர் நிற்கின்றார். அவரைக் கண்டு வகுப்பதே நல்லாட்சியாகும்.