இணைப்பு கிடைக்கவில்லையா? போர்டை விடுங்கள், முதலில் லேப்டாப்பைப் பாருங்கள்

ஆர்டுயினோ ஊனோவின் மேல் ஈதர்நெட் ஷீல்டைப் பொருத்தி, சென்சார் தரும் வெப்பநிலையை லேப்டாப்பில் ஓடும் ஸாம்ப் சர்வருக்கு அனுப்புவது பொறியியல் மாணவர்கள் பலர் எடுக்கும் புராஜெக்ட். ஷீல்டு இருக்கிறது, லேன் கேபிள் இருக்கிறது, மாதிரி நிரலும் லைப்ரரியோடு வந்துவிடுகிறது. ஒரு மாலையில் முடிந்துவிடும் என்றுதான் தோன்றும். பிறகு சீரியல் மானிட்டரில் 'கனெக்ஷன் ஃபெயில்டு' என்ற வரி விழ ஆரம்பிக்கும். கேபிள் சரியாகச் செருகப்படாவிட்டாலும் அதே வரிதான், ஃபயர்வால் தடுத்தாலும் அதே வரிதான், ஐபி முகவரியில் ஓர் எண் பிசகினாலும் அதே வரிதான். எங்கே கோளாறு என்று அது சொல்லாது.

இந்த நிலையில் என்னிடம் வரும் மாணவர்கள் பெரும்பாலும் "போர்டு போயிடுச்சு சார்" என்ற முடிவோடுதான் வருகிறார்கள். சிலர் அதற்குள் இன்னொரு ஷீல்டும் வாங்கியிருப்பார்கள். நான் பார்த்தவரை போர்டு உண்மையாகவே பழுதாகியிருப்பது அபூர்வம். பெரும்பாலும் கோளாறு லேப்டாப்பில் இருக்கிறது. அதனால், அனுப்பிய தகவல் எதுவரை போய் நின்றது என்று தெரியும்வரை நிரலில் ஒரு வரியையும் மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிடுவேன்.

"சர்வர் ஓடுதா தம்பி?"

"ஓடுது சார். லோக்கல்ஹோஸ்ட்னு அடிச்சா பேஜ் வருது."

சிக்கலில் பாதி இந்தப் பதிலுக்குள்ளேயே இருக்கிறது. லோக்கல்ஹோஸ்ட், அதாவது 127.0.0.1, 'நம்ம வீடு' என்கிற மாதிரி. யார் சொல்கிறார்களோ அவர்கள் வீடுதான் அது. லேப்டாப்பில் அடித்தால் லேப்டாப்பையும், ஆர்டுயினோ நிரலில் எழுதினால் ஆர்டுயினோவையும் குறிக்கும். லேப்டாப் உலாவியில் பக்கம் வருவது, லேப்டாப் தன்னோடு பேசிக்கொள்கிறது என்பதற்கு மட்டுமே சான்று. வெளியிலிருந்து ஒரு கருவி அதை எட்ட முடியுமா என்பது வேறு கேள்வி.

நிரலில் எழுத வேண்டியது லேப்டாப்பின் உள்வலை முகவரி. விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து 'ஐபிகான்ஃபிக்' கட்டளையைக் கொடுத்தால் அது தெரியும். ஆனால் அங்கே ஒன்றுக்கு மேற்பட்ட முகவரிகள் வரும். வைஃபைக்கு ஒன்று, லேன் போர்ட்டுக்கு ஒன்று, விர்ச்சுவல்பாக்ஸ் நிறுவியிருந்தால் 192.168.56.1 என்று இன்னொன்று. இந்தக் கடைசி முகவரி லேப்டாப்புக்குள்ளேயே இருக்கும் கற்பனை வலைக்கானது. பட்டியலில் கண்ணில் முதலில் பட்டது என்பதற்காக அதை எடுத்து நிரலில் எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். ரவுட்டரின் முகவரி எந்த வரிசையில் இருக்கிறதோ, அதே வரிசையில் இருப்பதை எடுங்கள்.

அடுத்து, கையில் இருக்கும் போனை எடுங்கள். அதே ரவுட்டரின் வைஃபையில் இணைத்து, மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, போன் உலாவியில் லேப்டாப்பின் முகவரியை, 192.168.1.10 என்றால் அதை, அடித்துப் பாருங்கள். இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது. போனில் திறக்காத பக்கத்தை ஆர்டுயினோவும் எட்டப்போவதில்லை. பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் ஃபயர்வாலைச் சந்தேகப்படுங்கள். உடனே மறுப்பு வந்தால் அந்தப் போர்ட்டில் எந்த நிரலும் காத்திருக்கவில்லை என்று கொள்ளலாம். 'ஃபர்பிடன்' என்று வந்தால் ஒருவிதத்தில் நல்ல செய்தி. பாதை முழுக்கச் சரி, சர்வர்தான் வெளியாட்களை அனுமதிக்க மறுக்கிறது.

ஃபயர்வாலில் நடப்பது பெரும்பாலும் இதுதான். புதிதாக ஒரு வலையில் சேர்ந்ததும் விண்டோஸ் அதைப் பொது வலையாக வைத்துக்கொண்டு, வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுத்துவிடுகிறது. நெட்வொர்க் அமைப்பில் அதைப் 'பிரைவேட்' என்று மாற்றி, ஸாம்பில் சர்வராக ஓடும் அப்பாச்சிக்கு அனுமதி கொடுத்தால் போதும். ஃபயர்வாலை மொத்தமாக அணைத்துவிட்டு அப்படியே விட்டுவிடாதீர்கள். சோதனைக்காக ஒரு நிமிடம் அணைத்துப் பார்ப்பது வேறு, அந்த லேப்டாப்பை அப்படியே கல்லூரி வலைக்கு எடுத்துப்போவது வேறு.

ஃபிளாஸ்க், ஜாங்கோ போன்ற பைத்தான் சர்வர்களில் வேறொரு முடிச்சு இருக்கிறது. சோதனைக்காக ஓட்டும்போது இவை இயல்பாக 127.0.0.1 முகவரியில் மட்டுமே காத்திருக்கும். ஹோஸ்ட் 0.0.0.0 என்று கொடுத்தால்தான் வலையில் உள்ள மற்ற கருவிகளுக்குக் கதவு திறக்கும். ஸாம்பில் 80ஆம் போர்ட்டை வேறு மென்பொருள் பிடித்துக்கொண்டதால் 8080க்கு மாற்றிவிட்டு, நிரலில் 80 என்றே விட்டிருப்பதும் அடிக்கடி நடப்பது.

போனில் பக்கம் திறந்துவிட்டது என்றால் இப்போது போர்டின் பக்கம் திரும்பலாம். லேப்டாப்பிலிருந்து ஆர்டுயினோவின் ஐபிக்குப் பிங் அடியுங்கள். ஷீல்டில் இருக்கும் விஸ்நெட் டபிள்யூ5100 சிப்புக்கு ஒரு நல்ல குணம் உண்டு. டிசிபி, ஐபி வேலை முழுவதையும் அதுவே பார்த்துக்கொள்வதால், முகவரியை ஒருமுறை பெற்றுவிட்டால் பிங்குக்கும் அதுவே பதில் சொல்லும். நம் நிரல் எங்காவது சிக்கி நின்றாலும் பதில் வரும். ஆகவே பிங் வந்தால் கேபிள், ஷீல்டு, முகவரி எல்லாம் சரி, மிச்சம் இருப்பது நிரலும் சர்வரும் மட்டுமே.

பிங் வரவில்லை என்றால் முகவரியிலிருந்து தொடங்குங்கள். லைப்ரரியோடு வரும் ஒரு மாதிரி நிரலில் 192.168.1.177 என்று இருக்கும், இன்னொன்றில் 192.168.0.177. உங்கள் ரவுட்டர் 192.168.1 வரிசையில் இருக்கும்போது இரண்டாவது நிரலை அப்படியே ஏற்றினால் இரண்டு கருவிகளும் ஒன்றையொன்று பார்க்காது. ரவுட்டர் இல்லாமல் கேபிளை நேராக லேப்டாப்பில் செருகுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அங்கே முகவரி வழங்க யாரும் இல்லை. லேப்டாப் 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரியைத் தானே வைத்துக்கொள்ளும், ஆர்டுயினோ ஒரு நிமிடம் காத்திருந்துவிட்டுக் கைவிட்டுவிடும். இரண்டு பக்கமும் நாமே முகவரி கொடுக்க வேண்டும். லேப்டாப்புக்கு 192.168.5.1, போர்டுக்கு 192.168.5.2, சப்நெட் மாஸ்க் 255.255.255.0. லேப்டாப்பின் வைஃபை இருக்கும் வரிசையை மட்டும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

மேக் முகவரி ஆய்வகத்தில் வரும் தலைவலி. மாதிரி நிரலில் உள்ள மேக் முகவரியை எல்லோரும் அப்படியே நகலெடுக்கிறார்கள். ஒரே ஸ்விட்ச்சில் இரண்டு போர்டுகள் ஒரே மேக்கோடு இருந்தால், ஒன்று வேலை செய்யும்போது மற்றொன்று விழும், சிறிது நேரத்தில் மாறி விழும். தனியாக வைத்துச் சோதித்தால் இரண்டுமே ஒழுங்காக ஓடும். கடைசி இணை எண்ணில் அவரவர் ரோல் நம்பரின் கடைசி இரண்டு இலக்கங்களைப் போடச் சொல்வது என் வழக்கம். முதல் இணையைத் தொட வேண்டாம். நாமே வைத்துக்கொள்ளும் முகவரி என்ற அடையாளம் அதில்தான் இருக்கிறது.

முகவரிகள் எல்லாம் சரியாக இருந்தும் பிங் வராத ஒரு ஷீல்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு மாணவி கொண்டுவந்தாள். வீட்டு ரவுட்டரில் அந்த ஷீல்டு நன்றாக வேலை செய்தது. அதே கேபிள், அதே நிரல், ஆனால் ஆய்வகத்தின் ஸ்விட்ச்சில் செருகினால் இணைப்பு விளக்கே எரியவில்லை. இப்படி ஒரு வலைக்கருவியோடு ஒத்துப்போய், இன்னொன்றோடு ஒத்துப்போகாத நகல் ஷீல்டு கையில் இருந்தால், லேன் சாக்கெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் குட்டிக் கறுப்பு ரெசிஸ்டர் வரிசையை லென்ஸ் வைத்துப் பாருங்கள். அதன்மேல் மூன்று இலக்க எண் இருக்கும். மூன்றாவது இலக்கம் எத்தனை பூஜ்யங்கள் சேர்க்க வேண்டும் என்பதைச் சொல்வது. 510 என்றால் 51 ஓம். 511 என்றால் 510 ஓம். இருக்க வேண்டியது முதலாவது. அவள் ஷீல்டில் இருந்தது 511.

லேன் கேபிளில் ஒவ்வொரு ஜோடிக் கம்பிக்கும் மின்மறுப்பு 100 ஓம். அதற்கு ஈடாக ஷீல்டின் முனையில் ஏறக்குறைய 50 ஓம் ரெசிஸ்டர்கள் இரண்டு நிற்க வேண்டும். பத்து மடங்கு மதிப்பில் போட்டுவிட்டால் சிக்னல் முனையில் மோதித் திரும்பி வந்து குழப்பும். சில ஸ்விட்ச்சுகள் அதைப் பொறுத்துக்கொண்டு வேலை செய்கின்றன, சில செய்வதில்லை. தீர்வுக்கு ஆகும் செலவு ஒன்றுமே இல்லை. ஷீல்டைத் திருப்பி, லேன் சாக்கெட்டின் 1, 2 பின்களுக்கு நடுவில் ஒரு 100 ஓம் ரெசிஸ்டர், 3, 6 பின்களுக்கு நடுவில் இன்னொரு 100 ஓம் ரெசிஸ்டர். கால்களைக் குட்டையாக வெட்டி, பக்கத்துப் பின்னைத் தொடாமல் சால்டர் செய்ய வேண்டும். அவளே செய்தாள். செருகியதும் விளக்கு எரிந்தது. புதிய ஷீல்டு வாங்கியிருந்தால் அதிலும் 511 இருந்திருக்கலாம்.

நகல் ஷீல்டுகளில் இன்னொரு கோளாறும் பார்த்திருக்கிறேன். மின்சாரம் கொடுத்தவுடன் வேலை செய்யாது, ரீசெட் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் வேலை செய்யும். மேஜையில் இது சிறு தொல்லை. நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில், வைஃபை எட்டாத நீளக் கொட்டகையில் கேபிள் இழுத்து வெப்பநிலை பதிவுசெய்ய வைத்தபோது அதுவே பெரும் பிரச்சினையானது. கரன்ட் போய் வந்தால் பொத்தானை அழுத்த அங்கே யார் இருக்கிறார்கள்? இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. கரன்ட் வந்ததும் ஆர்டுயினோ நொடிகளில் எழுந்துவிடும், ரவுட்டர் எழ நேரமாகும். முகவரி கேட்டுக் கிடைக்காவிட்டால் மாதிரி நிரல்களில் சில அங்கேயே முடிவில்லாமல் நின்றுவிடும்படி எழுதப்பட்டவை. கற்றுக்கொள்ள அது சரி, களத்தில் வைக்க உதவாது. நிலையான முகவரி கொடுங்கள், அல்லது கிடைக்கும்வரை திரும்பத் திரும்பக் கேட்கும்படி எழுதுங்கள். சர்வர் ஓடும் கணினியின் முகவரியும் மாறாதபடி ரவுட்டரில் ஒதுக்கி வையுங்கள். கேபிள் நீளம் 100 மீட்டரைத் தாண்டக்கூடாது என்பதும் கொட்டகைகளில் நினைவில் வைக்க வேண்டியது.

விலை குறைவு என்பதற்காக இஎன்சி28ஜே60 மாட்யூல் வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அது 3.3 வோல்ட்டில் 180 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும், ஊனோவின் 3.3 வோல்ட் பின் தருவது 50 மட்டுமே. தனி ரெகுலேட்டர் வையுங்கள். வழக்கமான ஈதர்நெட் லைப்ரரியும் அதற்கு ஆகாது, வேறு லைப்ரரி வேண்டும். எஸ்டி கார்டு வசதியுள்ள ஷீல்டாக இருந்தால், கார்டைப் பயன்படுத்தாதபோது 4ஆம் பின்னை ஹையாக வையுங்கள். இல்லாவிட்டால் கார்டும் நெட்வொர்க் சிப்பும் ஒரே பாதையில் முட்டிக்கொள்ளும்.

இணைப்பு கிடைத்தும் தரவுத்தளத்தில் ஒன்றும் ஏறவில்லை என்றால், ஆர்டுயினோவைப் பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. அப்பாச்சியின் ஆக்சஸ் லாக் கோப்பைத் திறந்து கடைசி வரியைப் படியுங்கள். 404 இருந்தால் கோப்பின் பெயரிலோ பாதையிலோ பிழை. 200 இருந்தால் கோரிக்கை வந்து சேர்ந்துவிட்டது, இனிப் பார்க்க வேண்டியது பிஎச்பி நிரல். 400 இருந்தால் கோரிக்கையின் வடிவம் தவறு. எச்டிடிபி 1.1 என்று எழுதிவிட்டு ஹோஸ்ட் வரியை விட்டிருப்பீர்கள், அல்லது முகவரிக்குள் அனுப்பும் மதிப்பில் இடைவெளி விழுந்திருக்கும். லாக்கில் வரியே விழாமல் இணைப்பு தொங்கினால், கோரிக்கையின் முடிவில் வர வேண்டிய வெற்று வரி இல்லை என்று அர்த்தம். அது வரும்வரை சர்வர் காத்துக்கொண்டேயிருக்கும்.

சில தடவை சரியாக அனுப்பிவிட்டு நின்றுவிடும் கருவிகளும் வரும். டபிள்யூ5100 சிப்பில் ஒரே நேரத்தில் நான்கு இணைப்புகளுக்குத்தான் இடம். ஒவ்வொரு முறையும் வேலை முடிந்ததும் இணைப்பை மூடாவிட்டால் அந்த இடங்கள் நிரம்பிவிடும். பல மணி நேரம் ஓடிவிட்டு நிற்பது என்றால் நினைவகத்தைப் பாருங்கள். ஊனோவில் இருப்பது 2 கேபி மட்டுமே. நீளமான வாக்கியங்களை ஃபிளாஷ் நினைவகத்தில் வையுங்கள், ஸ்ட்ரிங்குகளை ஒட்டிக்கொண்டே போகாதீர்கள்.

ஆய்வகப் பொறுப்பில் இருக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பல கல்லூரி வலைகளில் பதிவு செய்யாத மேக் முகவரிக்கு இடம் இல்லை, ஒரு கணினி இன்னொன்றோடு பேசவும் தடை இருக்கும். அந்த வலையின் பாதுகாப்புக்கு அது தேவைதான். ஆனால் அதில் போர்டைச் செருகிவிட்டு மாணவர்கள் நாட்கணக்கில் தங்கள் நிரலையே நொந்துகொள்கிறார்கள். இன்டர்நெட் இணைப்பே வேண்டாம், யாரோ வீட்டில் மாற்றி ஒதுக்கிய பழைய ரவுட்டர் ஒன்றை ஆய்வக மேஜையில் புராஜெக்ட்டுகளுக்கென்று வைத்துவிடுங்கள். அதன் முகவரி வரிசையை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அதன்மேலேயே ஒட்டிவிடுங்கள்.