டிராக்டர் ரேடியேட்டரில் காற்று அடைப்பு

ரேடியேட்டர் நீரை மாற்றிய மறுநாளே எஞ்சின் கொதிக்கிறதா? நீர் நிரம்பியதுபோல் தோன்றினாலும் சிலிண்டர் ஹெட்டில் காற்று தங்கியிருக்கலாம். குளிர்ந்த எஞ்சினில் தெர்மோஸ்டாட் மூடியிருப்பதால் காற்று எளிதில் வெளியேறாது. காற்றுள்ள இடத்தில் உலோகம் அளவுக்கு மீறிச் சூடேறும். கேஸ்கட் கெடும், ஹெட் விரிசல் காணவும் கூடும். வெப்பமானியின் முனை காற்றில் நின்றால் முள் குறைவாகவே காட்டும். ஆகவே முள்ளை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது.

எஞ்சின் நன்கு ஆறிய பின், முன்சக்கரங்கள் சற்று மேடேறி நிற்குமாறு டிராக்டரை நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்கவும். கூலன்ட் கலந்த நல்ல நீரை மெல்ல ஊற்றி, மேல் ஹோஸைக் கையால் பிசைந்து விடவும். (கிணற்று உப்பு நீரை ஊற்றிவிட்டுக் காற்றைக் குறை கூறுவோரும் உளர்!) பின்னர் மூடியிடாமலே எஞ்சினைக் குறைந்த வேகத்தில் ஓடவிடுங்கள், முகத்தை விலக்கியே நில்லுங்கள். சுமார் 80 டிகிரி சென்டிகிரேடில் தெர்மோஸ்டாட் திறக்கும். மேல் ஹோஸ் சுடும், குமிழிகள் வந்து நீர்மட்டம் தாழும். குமிழி அடங்கும்வரை சிறிது சிறிதாக ஊற்றி மூடவும். குமிழி அடங்காமல் வந்துகொண்டேயிருந்தால் கேஸ்கட் பழுதாக இருக்கலாம்; மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

மூடியிட்டு ஓடிய சூடான எஞ்சினில் மூடியைத் திறக்காதீர்கள். அழுத்தத்தில் அடங்கியிருந்த நீர் சீறி முகத்தில் பாயும். ஆறிய பிறகே திறந்து நீர்மட்டத்தை மீண்டும் பார்க்கவும்.